வெற்றிடம் சுழியம் ஆகாது

வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயருக்கு நேரே உள்ள கட்டம் வெறுமையாக இருந்தால் அதன் பொருள் யாது? அவன் பள்ளிக்கு வந்தான் என்பதா? வரவில்லை என்பதா? இரண்டும் அன்று. ஆசிரியர் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். பார்க்காமல் விட்ட கட்டத்தை ‘வந்தான்’ என்று கூட்டிக் காட்டும் பதிவேடு பொய்ப் பதிவேடு. தொடக்கப்பள்ளி மாணவனும் அறிந்த இவ்வேறுபாட்டை உலகின் மீன்பிடித் துறைகள் பல அறியாதனபோல் நடந்து வருகின்றன. மீன்வலைகளில் சிக்கி மடியும் திமிங்கிலங்களும் ஓங்கில்களும் எத்தனை என்னும் கேள்விக்குரிய கட்டம் பல நாடுகளின் ஆண்டறிக்கைகளில் வெறுமையாகவே கிடக்கிறது. அவ்வெறுமை நாளடைவில் சுழியம் என்று படிக்கப்படுகிறது. சுழியம் என்று படித்துவிட்டால், அதன்பின் செய்ய வேண்டியது ஏதுமில்லை என்று ஆகிவிடுகிறது.

இஃது எண்ணிக்கையைப் பற்றிய சிறு பூசல் அன்று. ஓருயிரினம் உலகில் நிலைப்பதும் அழிவதும் இக்கட்டத்தில் எழுதப்படும் எண்ணைப் பொறுத்தே அமைகின்றன. எண்ண மறுப்பதும் ஒரு முடிவே. அம்முடிவு எப்பொழுதும் வாயில்லா உயிருக்கு எதிராகவே அமைந்துவிடுகிறது.

தற்செயல் என்னும் திரை

டால்பின் என்று பலரும் அழைக்கும் ஓங்கில் மீன் அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. திமிங்கிலமும் அவ்வாறே. இவற்றுக்கு நுரையீரல் உண்டு, செவுள் இல்லை. மூச்சுவிட இவை நீரின் மேற்பரப்புக்கு வந்தே ஆகவேண்டும். மீனைப் பிடிக்கக் கடலில் திரைபோலத் தொங்கவிடப்படும் செவுள்வலையின் மெல்லிய நரம்பு ஓங்கிலுக்கும் எளிதில் புலப்படுவதில்லை. மீனைத் துரத்தி வரும் ஓங்கில் அவ்வலையில் மூக்கையோ துடுப்பையோ மாட்டிக்கொள்கிறது. திமிறத் திமிற வலை இறுகுகிறது. மேலே வர முடியாமல் சிறிது நேரத்தில் மூச்சடைத்து மாள்கிறது. கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்ந்த உயிர், நீருக்குள் மூச்சுத்திணறிச் சாகிறது.

இச்சாவுக்கு மீன்பிடித் துறையினர் இட்டிருக்கும் பெயர் ‘தற்செயற் பிடிப்பு’ என்பதாகும். வலை வீசிய மீனவரின் நிலையில் நின்று பார்த்தால் அப்பெயர் பொய்யன்று. அவர் ஓங்கிலைத் தேடிச் செல்லவில்லை. சிக்கிய ஓங்கில் அவருடைய வலையைக் கிழிக்கிறது; நேரத்தையும் உழைப்பையும் வீணாக்குகிறது. ஆயினும் ஒரு மனிதரின் ஓரிரவுக்குப் பொருந்தும் சொல், ஒரு தொழிலின் ஐம்பது ஆண்டுகளுக்குப் பொருந்துமா? சாலை வளைவொன்றில் ஒரு முறை வண்டி கவிழ்ந்தால் அது தற்செயல். அதே வளைவில் ஆண்டுதோறும் நூறு வண்டிகள் கவிழ்ந்தால் அது சாலையின் குறை; சாலையைப் போட்டவரின் பொறுப்பு. அமெரிக்க மீன்பிடிப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 1990-களில் உலகெங்கும் ஆண்டுக்கு 300,000-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்களும் ஓங்கில்களும் கடற்பன்றிகளும் வலைகளில் மடிந்திருக்கும் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு மூன்று இலட்சம் முறை நிகழ்வதைத் தற்செயல் என்று அழைப்பது மொழிக்கு இழைக்கும் தீங்கும் ஆகும்.

ஒரு சோறும் ஒரு பானையும்

கடலில் ஓடும் படகுகள் அனைத்திலும் ஆளேற்றி எண்ணுவது இயலாத செயல். ஆகவே சில படகுகளில் எண்ணி, அதனைக் கொண்டு எல்லாப் படகுகளுக்கும் கணக்கிடுகின்றனர். ஆயிரம் டன் சூரைமீனுக்கு இத்தனை ஓங்கில்கள் மடிந்தன என்று மாதிரியில் தெரிந்தால், மொத்தம் பிடிபட்ட சூரைமீனின் எடைக்கு ஏற்ப அதனைப் பெருக்கி மொத்தச் சாவை மதிப்பிடலாம். தொடக்கப்பள்ளியில் கற்பிக்கும் விகிதக் கணக்கே இது. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று தமிழர் அடுப்படியில் கண்டறிந்த முறையும் இதுவே.

ஆயினும் அப்பழமொழிக்குள் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. பானையைக் கிளறிவிட்டுச் சோற்றை எடுக்க வேண்டும். அடியில் தீய்ந்தும் மேலே வேகாமலும் இருக்கும் பானையின் ஓர் ஓரத்தில் எடுத்த பருக்கை, அவ்வோரத்தின் பதத்தையே சொல்லும். கடற்கணக்கில் பலமுறை நேர்வது இதுதான். பார்வையாளர் ஏற இடமுள்ள பெரிய படகுகளில் எண்ணுகின்றனர். இடமில்லாத சிறு படகுகளோ ஆயிரக்கணக்கில் எண்ணப்படாமல் ஓடுகின்றன. பார்வையாளர் ஏறிய நாளில் மாலுமி விழிப்போடு நடந்துகொள்கிறார். ஏறாத நாளில் பழைய வழக்கமே தொடர்கிறது. வலையை மேலே இழுக்கும்போது அதிலிருந்து நழுவி மூழ்கிவிடும் உடல்கள் எவர் கணக்கிலும் சேர்வதில்லை. காயத்தோடு தப்பிச் சென்று பின்னர் மடிவனவற்றைப் பார்ப்பவர் யார்?

ஏறத்தாழ ஒவ்வொன்றும் தனித்தனியே அடையாளம் காணப்பட்டுள்ள வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களின் நிலையே இதற்குச் சான்று. 1990 முதல் 2017 வரை மடிந்த அவ்வினத் திமிங்கிலங்களுள் 36 விழுக்காட்டின் உடல்களே மனிதர் கண்ணில் பட்டன என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். வீட்டைவிடப் பெரிய விலங்கின் சாவே மூன்றில் ஒரு பங்களவுதான் தெரிகிறது எனின், ஆள் உயரமேயுள்ள ஓங்கிலின் சாவு எவ்வளவு தெரியும்? பிழைகள் இருபுறமும் நேரலாம் என்பது உண்மை. எனினும் மேற்கூறிய பிழைகள் யாவும் எண்ணைக் குறைத்துக் காட்டுவன என்பதை மறத்தலாகாது.

இந்தியப் பெருங்கடலின் கணக்கைக் காண்க. ஆஸ்திரேலியா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் 1981-க்கும் 2016-க்கும் இடையே நடந்த பத்து மாதிரிக் கணக்கெடுப்புகளைக் கொண்டு, சூரைமீன் செவுள்வலைகளில் மடிந்த ஓங்கில் முதலிய சிறு இனங்களை ஆய்வாளர் மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு 2020-இல் வெளியாயிற்று. 1950 முதல் 2018 வரை மடிந்தவை ஏறத்தாழ 41 இலட்சம் என்பது அதன் முடிவு. 2004-க்கும் 2006-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆண்டுச் சாவு 100,000-ஐ நெருங்கி, பின்னர் 15 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. குறைந்தது என்றவுடன் மகிழ வேண்டுமா? அதே காலத்தில் கடலில் விரிக்கப்பட்ட வலையோ கூடியிருந்தது. வலை பெருகவும் சாவு குறைந்தது என்றால், சிக்குவதற்கு உயிர்கள் குறைந்துவிட்டன என்பதே பொருத்தமான விளக்கம். அச்சிறு இனங்களின் தொகை, மீன்பிடி பெருகுவதற்கு முன்பிருந்ததில் சராசரியாக 13 விழுக்காடாகக் குறைந்திருக்கலாம் என்று அவ்வாய்வே கூறுகிறது. தம் மதிப்பீடு துல்லியமானதன்று என்றும், சிக்கலின் பரிமாணத்தை மட்டுமே அது காட்டும் என்றும் ஆய்வாளரே ஒளிக்காமல் எழுதியுள்ளனர். அறிவியலின் நேர்மை அது.

துல்லியம் வரும்வரை காத்திருந்த கதை

இந்நேர்மையையே படைக்கலமாகக் கொண்டு தாக்குவார் உளர். “துல்லியமில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கின்றனர், ஊகத்தை நம்பித் தொழிலைக் கட்டுப்படுத்தலாமா? சரியான கணக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்பது அவர் வாதம். கேட்பதற்கு அறிவார்ந்த பேச்சாகவே தோன்றும். அதன் விளைவை அறிய விரும்புவோர் மெக்சிகோ நாட்டின் கலிபோர்னியா வளைகுடாவுக்குச் சென்று பார்க்க வேண்டும்.

அவ்வளைகுடாவின் வடகோடியில் மட்டுமே வாழும் சிறு கடற்பன்றி வாக்கீட்டா. அறிவியல் உலகம் அதனைத் தனி இனமாக அறிந்ததே 1958-இல்தான். 1993 முதல் 1995 வரை எல் கோல்போ தெ சாந்தா கிளாரா என்னும் ஒரே ஒரு மீன்பிடி ஊரில் ஆய்வாளர் கணக்கெடுத்தனர். அவ்வூர்ப் படகுகளின் செவுள்வலைகளில் மட்டும் ஆண்டுக்கு 39 வாக்கீட்டாக்கள் மடிகின்றன என்பது மதிப்பீடு. உண்மையான எண் 14-ஆகவும் இருக்கலாம், 93-ஆகவும் இருக்கலாம் என்று வரம்பும் குறிக்கப்பட்டது. “பதினான்கு எங்கே, தொண்ணூற்று மூன்று எங்கே! இதுவும் ஒரு கணக்கா?” என்று கேட்கத் தோன்றும். கேட்பவர் பெருக்கல் ஒன்றைச் செய்து பார்த்தல் நலம்.

ஓங்கில், திமிங்கிலம் ஆகியவற்றின் கூட்டம் மிக நல்ல சூழலிலும் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 அளவிலேயே பெருகும் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதில் பாதியாகிய நூற்றுக்கு 2-ஐ எடுத்துக்கொண்டு, கூட்டத்தின் குறைந்தபட்சத் தொகையால் பெருக்கி, இனத்தின் நலிவுக்கேற்ப மேலும் குறைப்பது அமெரிக்கா 1994 முதல் பின்பற்றும் விதி. கிடைக்கும் எண்ணுக்கு மேல் மனிதரால் சாவு நேர்ந்தால் கூட்டம் தாங்காது. 1997-இல் எடுத்த கணக்கின்படி வாக்கீட்டாவின் தொகை ஏறத்தாழ 567. குறைந்தபட்சத் தொகையை நாடாமல், நலிவுக்காகவும் குறைக்காமல், மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் தாங்கும் எல்லை ஆண்டுக்கு 11. ஓர் ஊரின் சாவுக்குக் கூறப்பட்ட வரம்பின் அடிமட்டமோ 14!

ஆகவே 14 சரியா, 39 சரியா, 93 சரியா என்னும் ஐயம் முடிவை மாற்றக்கூடியதாக இல்லை. எந்த எண்ணை எடுத்தாலும் விடை ஒன்றே: வலையை மாற்றுக. ஆனால் நடந்தது யாது? காப்பிடம் அறிவிக்கப்பட்டது, கூட்டங்கள் நடந்தன, செவுள்வலைகள் கடலிலேயே கிடந்தன. 2008-இல் எஞ்சியவை ஏறத்தாழ 245. இரண்டாண்டுத் தடை வந்தது 2015-இல்; அவ்வாண்டில் எஞ்சியவை ஏறத்தாழ 59. டொட்டோவாபா என்னும் மீனின் காற்றுப்பையைச் சீனச் சந்தைக்குக் கடத்துவோர் திருட்டுத்தனமாக விரித்த வலைகள் இறுதிச் சரிவை விரைவுபடுத்தின. 2017-இல் சிலவற்றைப் பிடித்துக் காப்பில் வளர்க்க முயன்றபோது பெண் வாக்கீட்டா ஒன்று மடிந்தது, முயற்சி கைவிடப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவற்றை எண்ண இரு கை விரல்களே ஏறத்தாழப் போதும். துல்லியம் கேட்டவர்க்கு இப்பொழுது துல்லியம் கிடைத்துவிட்டது. எண்ண வேண்டியவைதாம் இல்லை.

மீனவர் குற்றவாளியா?

“கணக்கெடுப்பு என்பது ஏழை மீனவரின் வயிற்றில் அடிக்கும் செல்வநாடுகளின் சூழ்ச்சி” என்பது மற்றொரு வாதம். இதில் ஒரு பாதி உண்மை உண்டு. பார்வையாளரின் சம்பளத்தையும் புதிய வலையின் விலையையும் நாள்கூலிக்குக் கடலேறும் மீனவரின் தலையில் கட்டுவது அநீதி. தண்டம் விதிப்போம் என்று மிரட்டிக்கொண்டே உண்மையைச் சொல் என்று கேட்பதும் மடமை. அடி விழும் என்று தெரிந்த பிள்ளை உடைந்த பானையை மறைத்து வைக்கத்தானே செய்யும்? ஆனால் இவ்வாதத்திலிருந்து பிறக்க வேண்டிய முடிவு ‘எண்ணாதே’ என்பதன்று. ‘மீனவரைச் சாட்சியாக்கு, குற்றவாளியாக்காதே’ என்பதே ஆகும்.

இது வெறுங்கனவன்று. அரபிக்கடலில் பாகிஸ்தானின் சூரைமீன் படகுகளில் வெளியார் எவரையும் ஏற்றாமல், படகின் மாலுமிகளையே பயிற்றிக் கணக்கெழுத வைத்தனர். வலையை நீர்மட்டத்தில் மிதக்கவிடாமல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்று அவர்களே எண்ணிப் பார்த்தனர். ஓங்கில் சாவு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது. எண்ணியவர் மீனவர், வழி கண்டதும் மீனவர் படகில். அமெரிக்காவின் மேயின் வளைகுடாவில் 1994-இல் நடந்த சோதனையில், ஒலியெழுப்பும் சிறு கருவி பொருத்திய வலைகளில் மடிந்த கடற்பன்றிகள் 2. அக்கருவி ஒலிக்காத, ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான வலைகளில் மடிந்தவை 25. எல்லாக் கடலுக்கும் எல்லா இனத்துக்கும் இக்கருவி பயன்படும் என்று கூறமுடியாது. எது பயன்படும், எது பயன்படாது என்று அறிவதற்கும் எண்ணியே ஆகவேண்டும்.

பெருந்தொழில் செய்யும் கப்பல்களின் கதையோ வேறு. கிழக்குப் பசிபிக் கடலில், ஓங்கில் கூட்டத்தின் கீழே சூரைமீன் நீந்துவதை அறிந்து, ஓங்கில்களைத் துரத்திச் சுருக்குமடி வலையால் வளைத்தனர். 1950-களின் பிற்பகுதி தொடங்கிப் பல்லாண்டுகளில் அவ்வாறு மடிந்தவை அறுபது இலட்சத்தைக் கடந்தன என்பது மதிப்பீடு. 1986-இல் மட்டும் 130,000-க்கு மேல். பின்னர் 1992-இல் நாடுகள் ஒன்றுகூடி, பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் பார்வையாளர் இருத்தல் வேண்டும் என்றும், ஒவ்வொரு கப்பலுக்கும் சாவுக்கு எல்லை உண்டு என்றும் உடன்பட்டன. 1993-இல் சாவு 4,000-க்கும் கீழே இறங்கியது. பிந்திய ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் என்னும் அளவுக்குக் குறைந்தது. கடல் மாறவில்லை, ஓங்கில் மாறவில்லை, சூரைமீனுக்கு இருந்த விலையும் போய்விடவில்லை. சந்தையின் நெருக்குதலும் சட்டத்தின் நெருக்குதலும் கூடி, எண்ணுபவர் ஒருவரைக் கப்பலில் ஏற்றின. எண்ணப்பட்ட சாவுக்கு யாரேனும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

மலேசியக் கடலோரம்

இவை யாவும் தொலைதூரச் செய்திகள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1997 முதல் 2004 வரை சபா, சரவாக் மாநில மீனவர்களை நேர்கண்டு நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. சபாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 ஓங்கில் முதலியனவும், சரவாக்கில் ஏறத்தாழ 220-உம் வலைகளில் சிக்குவதாக அது மதிப்பிட்டது. ஆவுளியா எனப்படும் கடற்பசுக்கள் சபாவில் மட்டும் 450-க்கு மேல் என்றும் அது கூறிற்று. மீனவரின் நினைவை நம்பிய கணக்கு இது, நினைவு தவறலாம், அச்சத்தால் குறைத்தும் சொல்லலாம். ஆயினும் ஒரு மதிப்பீடு என்ற அளவில் அது வெற்றிடத்தை நிரப்பிற்று.

கூச்சிங் விரிகுடாவில் வாழும் ஐராவதி ஓங்கில்கள் ஏறத்தாழ 230 என்று 2013-இல் வெளிவந்த கணக்கு கூறியது. முன்னர்க் கண்ட விதியின்படி அக்கூட்டம் ஆண்டுக்குத் தாங்கக்கூடிய சாவு நான்கு; எச்சரிக்கைக்காகப் பாதியாக்கினால் இரண்டு. ஆண்டுக்கு இரண்டு! நூற்றுக்கணக்கான வலைகள் நாள்தோறும் இறங்கும் நீரில், தனியொரு மீனவர் தம் வாழ்நாளில் ஓரிரு முறையே ஓங்கில் சிக்கக் காண்பார். “எப்பொழுதோ ஒரு முறை நடப்பது” என்று அவர் சொல்வது முழு உண்மை. அவர் கண்ணுக்கு அரிய நிகழ்ச்சியாகத் தோன்றுவது, ஓங்கில் கூட்டத்துக்கோ உயிரெல்லை. இவ்விரண்டு உண்மைகளையும் இணைத்துக் காட்ட வல்லது கணக்கு ஒன்றே.

ஓங்கில், திமிங்கிலச் சாவைக் கண்காணித்துக் குறைக்கும் ஏற்பாடு இல்லாத மீன்பிடியிலிருந்து மீன் வாங்குவதில்லை என்று அமெரிக்கா 2016-இல் விதி வகுத்தது. பலமுறை தள்ளிப்போட்ட பின்னரே அதனை நடைமுறைக்குக் கொண்டுவர முனைந்தது. வாங்குபவன் மிரட்டினால்தான் விற்பவன் தன் கடலை எண்ணுவான் என்றால் அது பெருமையாகுமா? தன் வீட்டுப் பொருளைத் தானே எண்ணிவைப்பவனே வீட்டுக்கு உரியவன்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவ்வுண்மையை விளக்கப் பெருங்கருவி எதுவும் தேவையில்லை. ஆசிரியர் 200 சீட்டுகளை மடித்து ஒரு பெட்டியில் இடட்டும். ஒவ்வொரு சீட்டும் ஒரு படகுப் பயணம். அவற்றுள் பத்தில் மட்டும் ‘ஓங்கில்’ என்று எழுதியிருக்கட்டும். நன்கு குலுக்கியபின் ஒரு மாணவனைப் பத்துச் சீட்டுகள் எடுக்கச் சொல்ல வேண்டும். இருபது பயணங்களுக்கு ஒன்று வீதம் பார்வையாளர் ஏறிச் சென்றமைக்கு அது ஒப்பாகும். சீட்டுகளைத் திரும்ப இட்டு, அடுத்த மாணவனும் அவ்வாறே எடுக்கட்டும். ஏறத்தாழ ஐந்து பேரில் மூவர் கையில் ஓங்கில் சீட்டு ஒன்றேனும் இராது. அம்மூவரும் ஏமாற்றவில்லை, சோம்பவில்லை, கண்ணாரப் பார்த்தே ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுகின்றனர். பெட்டிக்குள்ளோ பத்து ஓங்கில்கள் மடிந்து கிடக்கின்றன.

நேர்மையாகப் பார்த்தவர் எழுதும் சுழியமே இவ்வளவு ஏமாற்றுமாயின், பாராதவர் விட்ட வெற்றிடத்தை நம்பி ஓரினத்தின் உயிரைப் பணயம் வைக்கலாமா? இச்சோதனையைச் செய்து பார்த்த மாணவன் பிற்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரியாகலாம், ஆய்வாளனாகலாம், மீன் வாங்கும் வணிகனாகலாம். எங்கிருப்பினும் ‘இல்லை’ என்று எழுதிய அறிக்கை தன் முன் வரும்போது மூன்று கேள்விகளை அவன் கேட்பான். எத்தனை படகுகளில் பார்த்தீர்கள்? எந்தப் படகுகளில் பார்க்கவில்லை? பார்த்தும் காணாமல் போனவை எத்தனை இருக்கலாம்?

இக்கேள்விகளுக்கு விடை கூற முடியாத அறிக்கையை அவன் திருப்பி அனுப்ப வேண்டும். அரசு தன் செலவில் பார்வையாளரை ஏற்ற வேண்டும். சிறு படகில் மீனவரையே பயிற்றிக் கணக்கெழுத வைக்க வேண்டும். உண்மை சொன்னவர்க்குத் தண்டம் இல்லை என்று உறுதி தர வேண்டும். கிடைத்த மதிப்பீட்டின் வரம்பைக் குறித்து, அவ்வரம்பின் அடிமட்டமே கூட்டத்தால் தாங்கவொண்ணாததாயின் அன்றே வலையை மாற்ற வேண்டும். இவற்றுள் ஒன்றும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. வாக்கீட்டாவுக்குச் செய்யத் தவறியவை இவையே. ஐராவதி ஓங்கிலுக்குச் செய்ய இன்னும் காலம் இருக்கிறது.